டெயில் லைட்டுக்குக் கறுப்புப் பூச்சா? முதலில் கம்ப்யூட்டரில் பூசிப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காரின் டெயில் லைட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் கடிதம் டைப் செய்கிறோம், போட்டோக்களைச் சேமிக்கிறோம், படம் பார்க்கிறோம். ஆனால், "இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும்?" என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் என் தொழிலே சாஃப்ட்வேர். பத்து நிமிடத்தில் போட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கைப் போடாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதையும், அந்தக் கணக்கை நீங்கள் எப்படிப் போடலாம் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

நடந்தது என்ன?

நான் இருப்பது அம்பத்தூருக்குப் பக்கத்தில் மேனாம்பேட்டில். செகண்ட் ஹேண்டில் ஒரு சிறிய கார் வாங்கினேன். வெள்ளை நிறம். பின்னால் சிவப்பு விளக்குகள் மட்டும் பழைய மாடல் போலத் தெரிந்தன. அவற்றைப் புகை நிறத்துக்கு மாற்றினால் வண்டியின் தோற்றமே மாறிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்மோக் ஸ்ப்ரே டப்பா ஒன்றுடன் உட்கார்ந்தேன். விளக்கைக் கழுவித் துடைத்தேன். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்தேன். மூன்று கோட் அடித்தேன். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று இரவே விளக்கைப் போட்டும் பார்த்தேன். அக்கறை இல்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. டெயில் லைட் எரிந்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்று பார்த்தேன், அதுவும் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு மழை இரவு. தெருவில் கரண்ட் இல்லை. வீட்டு வாசலில் தண்ணீர் நின்றதால் காரைச் சற்றுத் தள்ளித் தெரு ஓரமாக நிறுத்திவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எங்கள் எதிர்வீட்டு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வந்தவர், நேராக என் காரின் பின்பக்கத்தில் மோதி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. லேத்தில் வலது கை இல்லாமல் என்ன செய்ய முடியும்? ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை.

"வண்டி நிக்கிறதே தெரியல தம்பி. கிட்ட வந்தப்புறம்தான் ஏதோ வெள்ளையா தெரிஞ்சது" என்றார். தெருவில் எல்லோரும் கரண்ட் கம்பெனியையும் மழையையும் குறை சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவருடைய மொபெட்டின் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் அந்த வெளிச்சத்தில் என் காரின் ரிஃப்ளெக்டர் ஏன் மின்னவில்லை?

விளக்குக்குள் இன்னொரு விளக்கு

டெயில் லைட் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் பல விளக்குகள் இருக்கின்றன. இரவில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று. பிரேக்கை மிதித்தால் அதைவிடப் பலமாக எரிவது இன்னொன்று. பல கார்களில் ஒரே பல்புக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக் லைட்டுக்கு. இவை தவிர இண்டிகேட்டரும் ரிவர்ஸ் விளக்கும் உண்டு.

இவற்றோடு பல்பே இல்லாத ஒரு பகுதியும் உண்டு. தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகத் தெரியும் சிவப்புப் பகுதிதான் அது. அதுதான் ரிஃப்ளெக்டர். சில கார்களில் இது பம்பரில் தனியாக இருக்கும். என் காரில் விளக்குப் பெட்டியிலேயே இருந்தது. நான் அதையும் சேர்த்து அடித்திருந்தேன்.

ரிஃப்ளெக்டரின் சூட்சுமம் எளிமையானது. அறையின் மூலையில், இரண்டு சுவர்களும் தரையும் சேரும் இடத்தில், ஒரு ரப்பர் பந்தை எறிந்து பாருங்கள். மூன்று பரப்புகளிலும் பட்டு, பந்து உங்களை நோக்கியே திரும்பும். ரிஃப்ளெக்டருக்குள் இதைப் போலச் சின்னச் சின்ன மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் பின்னால் வருபவருடைய ஹெட்லைட் வெளிச்சம் அவர் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. 1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் சந்திரனில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானும் இதே தத்துவம்தான். அதில் இப்படிப்பட்ட 100 மூலைக் கண்ணாடிகள் இருக்கின்றன. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துச் சந்திரனின் தூரத்தை அளக்கிறார்கள்.

கார் ஓடும்போது விளக்கு எரியும். பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டாலோ, பேட்டரி இறங்கிவிட்டாலோ, காரை நிறுத்தி அணைத்துவிட்டாலோ, அதன் பிறகு பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை கொடுக்க இருப்பது இந்த ரிஃப்ளெக்டர் ஒன்றுதான்.

ஒரு முறையா, இரண்டு முறையா?

இனி கணக்குக்கு வருவோம். விளக்கின் மேல் ஒட்டும் ஃபிலிமோ, அடிக்கும் ஸ்ப்ரேயோ பாதி ஒளியை மட்டும் வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பல்பின் ஒளி உள்ளே இருந்து புறப்படுகிறது. பூச்சை ஒரு முறை கடக்கிறது. ஆகவே 100 பங்கில் 50 பங்கு வெளியே வரும்.

ரிஃப்ளெக்டரின் கதை வேறு. ஒளி வெளியே இருந்து வருகிறது. பூச்சைக் கடந்து உள்ளே போகும்போதே பாதி போய்விடுகிறது. மீதி 50 பங்கு மூலைகளில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடியும் அதே பூச்சைக் கடக்க வேண்டும். அந்த 50இல் பாதி, அதாவது 25 பங்குதான் வெளியே வரும்.

இவ்வளவுதான் விஷயம். விளக்கின் ஒளி பாதியாகும்போது ரிஃப்ளெக்டரின் ஒளி கால்வாசியாகிவிடுகிறது. நான் விளக்கைப் போட்டுச் சோதித்தேன். அணைத்துவிட்டுச் சோதிக்கவில்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆஃபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசம். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான். (செல்களின் பெயர்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். ஏ, பி, சி என்பவற்றை நீங்கள் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்யுங்கள்.)

1. ஏ1 செல்லில் "பூச்சு விடும் ஒளி" என்றும், பி1இல் "விளக்கு" என்றும், சி1இல் "ரிஃப்ளெக்டர்" என்றும் தலைப்பு கொடுங்கள்.

2. ஏ2 முதல் ஏ6 வரை வரிசையாக 0.85, 0.70, 0.50, 0.35, 0.20 என்று டைப் செய்யுங்கள். 0.85 என்றால் 100 பங்கு ஒளியில் 85 பங்கை வெளியே விடும் பூச்சு என்று பொருள்.

3. பி2 செல்லில் =ஏ2*100 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பெருக்கல் குறிக்கு நட்சத்திரக் குறி என்பதை நினைவில் வையுங்கள். சமக் குறி இல்லாமல் ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக நினைத்துக்கொள்ளும்.

4. சி2 செல்லில் =ஏ2*ஏ2*100 என்று டைப் செய்யுங்கள். பூச்சை இரண்டு முறை கடப்பதால்தான் ஏ2 இரண்டு முறை வருகிறது.

5. பி2, சி2 இரண்டையும் மவுஸால் தேர்ந்தெடுங்கள். தேர்வுக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரப் புள்ளி தெரியும். அதைப் பிடித்து ஆறாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். ஃபார்முலா தானாகவே ஏ3, ஏ4 என்று மாறிக்கொள்ளும்.

உங்களுக்குக் கிடைக்கும் விடை இது:

85 விடும் பூச்சு: விளக்கு 85, ரிஃப்ளெக்டர் 72
70 விடும் பூச்சு: விளக்கு 70, ரிஃப்ளெக்டர் 49
50 விடும் பூச்சு: விளக்கு 50, ரிஃப்ளெக்டர் 25
35 விடும் பூச்சு: விளக்கு 35, ரிஃப்ளெக்டர் 12
20 விடும் பூச்சு: விளக்கு 20, ரிஃப்ளெக்டர் 4

(சி வரிசையில் 72.25, 12.25 என்று வரும். இங்கே முழு எண்ணாகக் கொடுத்திருக்கிறேன்.)

கடைசி வரியைப் பாருங்கள். விளக்கில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ரிஃப்ளெக்டரிலோ இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ரிஃப்ளெக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என் டப்பாவின் கணக்கு

ஸ்ப்ரே டப்பாவில் எவ்வளவு ஒளி போகும் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் செல்போனிலேயே வழி இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரைக்கு மேல் ஓர் ஒளி உணரி இருக்கிறது. வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். லக்ஸ் மீட்டர் என்று தேடினால் அந்த உணரியின் அளவைக் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கும்.

நான் செய்தது இதுதான். ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினேன். டேபிள் லேம்ப்புக்குக் கீழே போனை வைத்தேன். 400 லக்ஸ் காட்டியது. ஒரு கண்ணாடித் துண்டில் அதே டப்பாவால் ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் உணரியின் மேல் வைத்தேன். 288 காட்டியது. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு 207. மூன்றாவது கோட்டுக்குப் பிறகு 149.

ஒவ்வொரு கோட்டும் முந்தைய அளவில் 72 சதவீதத்தைத்தான் விடுகிறது. கூட்டல் கழித்தல் அல்ல, பெருக்கல். மூன்று கோட்டில் 149 வகுத்தல் 400, அதாவது சுமார் 37 சதவீதம். ரிஃப்ளெக்டருக்கு 0.37 பெருக்கல் 0.37. விடை சுமார் 14 சதவீதம். ஏழில் ஒரு பங்கு. அந்த மழை இரவில் எதிர்வீட்டு அண்ணனின் கண்ணுக்குத் திரும்பிப் போனது அவ்வளவுதான்.

போன் உணரி ஆய்வகக் கருவி அல்ல. அது காட்டும் லக்ஸ் எண் துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் இங்கே இல்லை. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற விகிதம்தான் நமக்கு வேண்டும். போனையும் விளக்கையும் நகர்த்தாமல் அளந்தாலே போதும்.

கண் ஏன் ஏமாறுகிறது?

"நீதான் விளக்கைப் போட்டுப் பார்த்தாயே, அப்போது ஏன் தெரியவில்லை?" என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் கண் வெளிச்சத்தைச் சரிவிகிதத்தில் உணர்வதில்லை. ஒளி பாதியாகக் குறைந்தால் நமக்குக் கால்வாசி குறைந்தது போலத்தான் தோன்றும். அதனால்தான் ஒரு கோட் அடித்தவர் "போதவில்லையே" என்று இரண்டாவது, மூன்றாவது கோட்டுக்குப் போகிறார்.

கம்ப்யூட்டர் திரையும் கண்ணின் இந்தக் குணத்துக்கு ஏற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 255 என்பது முழு வெள்ளை. அப்படியானால் பாதி ஒளிக்கு 128 என்றுதானே நினைப்போம்? இல்லை. வழக்கமான திரை அமைப்பில் 128க்கு வெளிவரும் ஒளி சுமார் 22 சதவீதம்தான். பாதி ஒளி வேண்டுமென்றால் எண் 188 அளவுக்கு இருக்க வேண்டும்.

போட்டோவும் வீடியோவும் இன்னும் கூடுதலாக ஏமாற்றும். இருட்டில் எடுக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. எடுப்பவர் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்கிறார். மழையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மொபெட்டில் வருபவர் பார்ப்பது அந்தக் காட்சியை அல்ல.

கிம்ப்பில் ஒரு முன்னோட்டம்

கறுப்பு விளக்கு உங்கள் வண்டிக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? தாராளமாகப் பாருங்கள். வண்டியைத் தொடாமல் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். இதற்கு கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். மற்ற இடங்களில் எடுத்தால் வேண்டாத புரோகிராம்களும் சேர்ந்து வந்துவிடும்.

முதலில் இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இருட்டில் டெயில் லைட் எரியும்போது, ஃபிளாஷ் இல்லாமல். இன்னொன்று, அதே இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று ஃபிளாஷுடன். இரண்டாவது போட்டோவில் உங்கள் ஃபிளாஷ்தான் பின்னால் வருபவரின் ஹெட்லைட். ரிஃப்ளெக்டர் மட்டும் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு போட்டோவிலும் இப்படிச் செய்யுங்கள்:

1. ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துப் போட்டோவைத் திறங்கள்.

2. கயிற்றுச் சுருக்கு போன்ற படம் உள்ள ஃப்ரீ செலக்ட் டூலை எடுத்து, விளக்கைச் சுற்றி வரைந்து, ஆரம்பித்த இடத்தில் முடித்து என்டர் தட்டுங்கள். சுற்றிலும் எறும்பு ஊர்வது போலப் புள்ளிக்கோடு ஓடும்.

3. லேயர் மெனுவில் நியூ லேயர் கொடுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் ஃபில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்சி என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். லேயர் என்பது போட்டோவின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் என்ன செய்தாலும் அடியில் உள்ள போட்டோ கெடாது.

4. எடிட் மெனுவில் ஃபில் வித் எஃப்.ஜி. கலர் கொடுங்கள். நிறம் கறுப்பாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பகுதி முழுவதும் கறுப்பாகிவிடும்.

5. லேயர்கள் தெரியும் பெட்டியில் ஒப்பாசிட்டி என்ற பட்டை இருக்கும். இங்கேதான் நம் கணக்கு உதவுகிறது. 50 விடும் பூச்சு என்றால், விளக்கு எரியும் போட்டோவில் ஒப்பாசிட்டியை 50 என்று வையுங்கள். ஃபிளாஷ் போட்டோவில் 75 என்று வையுங்கள். ரிஃப்ளெக்டரில் மிஞ்சுவது 25 அல்லவா? 100இல் 25 போக 75.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் விளக்கு பரவாயில்லை என்று தோன்றும். மற்றதில் வண்டியின் பின்பக்கம் இருட்டோடு கலக்க ஆரம்பிக்கும். ஃபிளாஷ் பட்ட இடம் மிகவும் வெளுத்திருந்தால் போட்டோ சரியான அளவைக் காட்டாது. ஆகவே அழகுக்கு கிம்ப்பைப் பாருங்கள். பாதுகாப்புக்கு ஸ்ப்ரெட்ஷீட்டை நம்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதி, காரின் பின்புறச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. தூரம் கூடக்கூட ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 155 மீட்டரில் மட்டுக்கு மட்டாகத் தெரியும் ஒரு விளக்கின் மேல் என்னைப் போல 37 சதவீதப் பூச்சு அடித்தால், அதே அளவு தெரிவதற்குச் சுமார் 94 மீட்டர் வரை நெருங்கி வர வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் =155*எஸ்.க்யூ.ஆர்.டி.(0.37) என்று போட்டால் இந்த விடை வரும். (அந்த நான்கு எழுத்துகளையும் ஆங்கிலத்தில், புள்ளி இல்லாமல் டைப் செய்யுங்கள். வர்க்கமூலம் காணும் ஃபங்ஷன் அது.)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது.

2012இல் கறுப்பு ஃபிலிம் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஜன்னல் கண்ணாடியைப் பற்றியது. விளக்கைப் பற்றியது அல்ல.

"சில கார்கள் கம்பெனியிலிருந்தே புகை நிற விளக்கோடு வருகின்றனவே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் நிறம் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்குத் தகுந்த பல்பு வைத்து, ரிஃப்ளெக்டரைப் பூச்சு படாத இடத்தில் அமைத்து, சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். டெயில் லைட்டுக்கு நேர் பின்னால் குறைந்தது 4 கேண்டெலா, பிரேக் லைட்டுக்குக் குறைந்தது 60 கேண்டெலா என்பது ஐரோப்பிய நாடுகள் பின்பற்றிய ஐ.நா. வாகன விதி எண் 7இல் உள்ள அளவு. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ ஒரு கேண்டெலா. ஆக, டெயில் லைட்டுக்குக் கேட்கப்படுவதே நாலு மெழுகுவர்த்தி அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கை நாம் அடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா?

ஃபிலிம் ஒட்டியிருந்தால் கவலை இல்லை. ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். ஸ்ப்ரே என்றால் தின்னர் பக்கமே போகாதீர்கள். விளக்கின் பிளாஸ்டிக்கில் முடி முடியாக வெடிப்பு விழுந்துவிடும். தண்ணீர் விட்டு 1000, 1500, 2000 என்று வரிசையாக மென்மையான வாட்டர் பேப்பரால் தேய்த்து, கடைசியில் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்ற வேண்டும். மேற்பரப்பு மங்கலாகவே நின்றுவிட்டால் ரிஃப்ளெக்டர் சரியாக வேலை செய்யாது. எனக்கு அப்படித்தான் ஆனது. கடைசியில் புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு விளக்குப் பெட்டிகளையுமே மாற்றினேன்.

வண்டிக்குப் புதுத் தோற்றம் வேண்டுமென்றால் விளக்கைக் கழுவி மெருகேற்றுங்கள். பழைய பல்பை அதே வாட்டில் புதிதாக மாற்றுங்கள். மாதம் ஒரு முறை இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இருபது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பளிச்சென்று திரும்பி அடிக்க வேண்டும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் சரியாகத் தெரியாது. வந்த திசைக்கே அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தோம் அல்லவா?

கடைசியாக ஒன்று

ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த 14 என்ற எண்ணைப் பார்த்த மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். "கரண்ட் இல்லாததால மட்டும் இல்லண்ணே, நான் அடிச்ச பெயின்ட்டும் காரணம்" என்று சொல்லி, பிரின்ட் எடுத்துப் போன தாளைக் காட்டினேன். அவர் இடது கையால் வாங்கிப் பார்த்தார். எஸ்டேட்டில் மைக்ரான் கணக்கில் இரும்பைக் கடைபவர். கணக்கு அவருக்குப் புதிதல்ல.

"ரெண்டு தடவ போவுதுல்ல, அதான்" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கத் தயாராகப் போயிருந்ததை அவர் அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார். பிறகு, "அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.

மருத்துவச் செலவையும் ஆறு வாரச் சம்பளத்தையும் நான் கொடுத்தேன். சம்பளத்தை முதலில் வாங்க மறுத்தார். அண்ணி வாங்கிக்கொண்டார். அதுதான் சரி.

உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறதா? இன்றைக்கே திறந்து இந்த ஐந்து வரிகளைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவோ, இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதோ, கடன் தவணையோ, எதுவாக இருந்தாலும் கையை வைக்கும் முன் இப்படி ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.